எந்தப் படுக்கைக்கும் ஒரே கையுறை

"மகளுக்கு அடுத்த மாசம் ஹவுஸ் சர்ஜன் டூட்டி தொடங்குது சார். எய்ட்ஸ் நோயாளிக்கும் இவதான் ரத்தம் எடுக்கணுமாம்லா? அஞ்சு வருசம் படிச்ச பிள்ளை, அவளே கொஞ்சம் பயப்படுதா. எனக்குச் சொல்லவே வேண்டாம்."

அண்ணாச்சியின் கடையில் மாலை டீ குடிக்கும்போது அவர் கேட்டது இது. மருத்துவ மாணவர்களுக்குப் பல வருடங்கள் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. மகளுக்கு ஆபத்து எவ்வளவு என்பது ஒன்று. அதற்கு எண்களிலேயே பதில் சொல்லிவிடலாம். இவ்வளவு படித்த பிள்ளை ஏன் இன்னும் பயப்படுகிறாள் என்பது இன்னொன்று. அதற்குத்தான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் எச்.ஐ.வி. பற்றிக் கேட்டால் மாணவர்கள் தயங்குவதே இல்லை. வைரஸின் மேலுறையில் இருக்கும் புரதம், அது பற்றிக்கொள்ளும் சி.டி.4 செல், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் நொதி எல்லாம் மடமடவென்று வரும். ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை என்று பரவும் வழிகளையும் சொல்லிவிடுவார்கள். கொசு கடித்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்பதும் தெரியும். அதே மாணவர் வார்டுக்குப் போகிறார். நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'ரெட்ரோ பாசிட்டிவ்' என்று எழுதியிருக்கிறது. நாடி பார்க்கக்கூட இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொள்கிறார். எச்.ஐ.வி. தொற்று இருப்பதை வெளியே தெரியாமல் சொல்லத்தான் மருத்துவமனைகளில் இந்த 'ரெட்ரோ' என்ற குறிப்புச்சொல். இப்போது வார்டில் கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும்.

பயிற்சி மருத்துவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். நாடு எதுவானாலும் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய ஒரே சித்திரம். பரவும் வழிகளைப் பற்றிய கேள்விகளில் மதிப்பெண் நன்றாக வருகிறது. ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் என்று கேட்டால் மதிப்பெண் சரிகிறது. மனப்பாங்கைப் பற்றிக் கேட்டால், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியைக் கேட்காமலே பரிசோதித்துவிடலாம், தனி வார்டில் வைக்கலாம் என்று சொல்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். என் அனுபவமும் இதுவே. நோயாளியைப் பற்றிய அறிவு நிறைய இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவு குறைவாக இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது என் கணிப்பு.

அண்ணாச்சியிடம் ஒரு வரலாறும் சொன்னேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில், பயிற்சி நிலையில் இருந்த ஒருவரின் உழைப்பால்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. இங்கே எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடும் ஆய்வை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் ஏதோ மேல்நாட்டு நோய், இங்கே வராது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா மருத்துவமனைக்கும் காப்பு இல்லத்துக்கும் போய்ப் பாலியல் தொழிலாளிகளிடமிருந்து ரத்தம் சேகரித்தார். கையுறை கிடையாது. பாதுகாப்பு உடை கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் பாசிட்டிவ் என்று வந்தன. அமெரிக்காவில் நடந்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது.

இதைச் சாதனையாக மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராது. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நிர்மலாவே பின்னாளில் அதைச் சொல்லியிருக்கிறார். எடுத்தவருக்குக் கையுறை இல்லை, கொடுத்தவருக்குச் சம்மதம் சொல்லும் உரிமை இல்லை. இந்த நாட்டில் எச்.ஐ.வி. மருத்துவம் அந்த இரண்டு குறைகளோடுதான் தொடங்கியது. அண்ணாச்சி கவலைப்படுவது முதல் குறையைப் பற்றி. அவர் மகளின் முன்னால் நாளைக்கு வந்து நிற்கப்போகிற நோயாளி கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும், ஒன்றை விட்டுவிட்டு மற்றது நடக்காது என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் எண்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி தோலில் குத்திவிட்டால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். அதாவது அப்படி ஆயிரம் பேருக்குக் குத்தினால் ஏறக்குறைய மூன்று பேருக்கு. அதுவும் பெரும்பாலும் நல்ல மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்கு. உள்ளே துளையுள்ள தடித்த ஊசி, ஆழமான குத்து, வெளியே கண்ணுக்குத் தெரியும் ரத்தம், மருந்து எடுக்காத நோயாளி என்றால் வாய்ப்பு கூடும். கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்தால் இதைவிடவும் குறைவு. காயமில்லாத தோலில் பட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை வேலையின்போது எச்.ஐ.வி. தொற்றியது என்று உறுதியான மருத்துவப் பணியாளர்கள் மொத்தம் 58 பேர். 1999-க்குப் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்தவர் ஒரே ஒருவர்.

அதே ஊசியில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால், வாய்ப்பு 100-க்கு 30 வரை போகலாம். எச்.ஐ.வி.யைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் முடித்திருப்பதில்லை. இது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் விஷயம்.

"சரி சார், அப்ப ஆஸ்பத்திரிக்கு வாற எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துட்டா? பாசிட்டிவ்னு தெரிஞ்சா ஜாக்கிரதையா இருக்கலாம்லா?"

அண்ணாச்சி கேட்ட இதே கேள்வியை வகுப்பில் மாணவர்கள் கேட்பார்கள். அறுவை சிகிச்சை அரங்கில் பெரிய மருத்துவர்களும் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் இந்த யோசனை பயிற்சி மருத்துவரைக் காப்பாற்றாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொற்று உடலுக்குள் வந்த உடனே பரிசோதனையில் தெரிந்துவிடாது. சில வாரங்கள் வரை முடிவு நெகட்டிவ் என்றே வரலாம். அந்த வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். அப்படிப்பட்டவர் கையில் 'நெகட்டிவ்' என்ற காகிதத்தோடு வருவார். பயிற்சி மருத்துவர் நிம்மதியாகக் கையுறை இல்லாமல் ரத்தம் எடுப்பார். இது ஒன்று. விபத்தில் அடிபட்டு ராத்திரி ஒரு மணிக்குக் கொண்டுவரப்படுகிறவருக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை யார் காத்திருப்பார்கள்? எச்.ஐ.வி. மட்டும் பார்த்தால் போதுமா, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் என்ன ஆவது? இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். வயது வந்தோரில் தோராயமாக 500 பேருக்கு ஒருவர். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜன் ஒருவர் ஒரு வருடத்தில் எத்தனை பேருக்கு ஊசி போடுகிறார், ரத்தம் எடுக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். முத்திரை குத்தப்பட்ட நோயாளியைவிட முத்திரை இல்லாத நோயாளியிடம்தான் அவர் அதிகம் பழகுகிறார்.

லாரி வரும்போது மட்டும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மற்ற நேரத்தில் வண்டியில் மாட்டி வைப்பது போன்றது அந்த யோசனை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1987-லேயே இதைப் புரிந்துகொண்டு ஒரு விதி சொன்னது: எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர் 1996-இல் அது இன்னும் விரிவாக்கப்பட்டு இன்று உலகம் முழுக்கப் பொது நடைமுறை. ரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் கையுறை. பிரசவமும் அறுவையும் என்றால் எல்லோருக்கும் கண்ணாடி, முகக்கவசம், ஏப்ரன். நாடி பார்க்க, பி.பி. பார்க்க, தோளில் கைவைத்து ஆறுதல் சொல்ல யாருக்கும் கையுறை வேண்டாம். படுக்கைக்குப் படுக்கை மாறாத ஒரே வழக்கம் என்பதுதான் இதன் அழகு. எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தனி வழக்கம் தேவையில்லாமல் போனால் ஒதுக்கிவைப்பதற்கான காரணமும் அத்தோடு போய்விடுகிறது.

ஊசிக் காயங்கள் எப்படி வருகின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ரத்தம் எடுத்த பிறகு ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது குத்துகிறது. ஆங்கிலச் சொல்லையே வைத்து 'ரீகேப்பிங்' என்பார்கள். போடக்கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. வார்டு டிராலியில் நீடில் கட்டர் பழுதாகிக் கிடக்கும், கூர்முனைக் கழிவுக்கான வெள்ளை டப்பா நிறைந்து வழியும், அப்போது அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மூடிதான் போடும். படுக்கை மெத்தையில் யாரோ செருகி வைத்த ஊசி இன்னொருவரின் கையைக் குத்தும். முந்தின நாள் காலையிலிருந்து தூங்காத ஹவுஸ் சர்ஜன், விடியற்காலை ரத்த மாதிரிகளை வரிசையாக எடுத்துக்கொண்டு வரும்போது குத்திக்கொள்வார். இதில் எந்த இடத்திலும் நோயாளியின் ஒழுக்கமோ அவர் யார் என்பதோ வரவில்லை. தூக்கம், டப்பா, கட்டர், இவைதான் வருகின்றன. இவற்றைச் சரிசெய்யாமல் பயிற்சி மருத்துவருக்கு மனிதாபிமானம் பற்றி வகுப்பெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

"குத்திட்டா என்ன செய்யணும்?" என்று அண்ணாச்சி நேராகவே கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், வீட்டில் மருத்துவம் படிக்கும் பிள்ளை இருந்தால் உபயோகப்படும். பதறி விரலை வாயில் வைக்கக்கூடாது. பிதுக்கக்கூடாது. பிளீச்சிங், ஸ்பிரிட் என்று எதையும் ஊற்ற வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு, வெட்கப்படாமல் உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொற்றைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. 'பெப்' என்று சொல்வார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை போட்டுவிட்டால் மிக நல்லது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பயனில்லை. மொத்தம் 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிடோவுடின் என்ற ஒரே ஒரு மருந்தே தொற்றும் வாய்ப்பை 81 சதவீதம் குறைத்தது தெரிந்தது. இன்று தருவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். நோயாளிகள் தினமும் சாப்பிடுவதும் பெரும்பாலும் இதே மாத்திரைதான்.

ஏற்கெனவே ஆயிரத்தில் மூன்று. அதிலும் இந்த மாத்திரை பெரும்பகுதியைக் குறைத்துவிடுகிறது. இந்தக் கணக்கு உள்ளங்கையில் இருந்தால் பயம் அளவுக்குள் நிற்கும். ஆனால் பிள்ளைகள் சொல்லாமல் மறைப்பதுதான் நடக்கிறது. "கவனமில்லையா?" என்று சீனியர் திட்டுவார் என்ற பயம். ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் தன்னையும் 'ரெட்ரோ' என்று எழுதிவிடுவார்களே என்ற பயம். நோயாளியை ஒதுக்கும் வார்டில், குத்துப்பட்ட பயிற்சி மருத்துவரும் வாய் திறக்க மாட்டார். இரண்டு மணி நேரம் அப்படியே ஓடிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தினமும் மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது. இது நம்பிக்கைப் பேச்சு இல்லை. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த தம்பதிகள் அவர்கள். சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது, வைரஸ் கட்டுக்குள் வருவதற்கு முந்தைய ஆரம்ப நாட்களையும் சேர்த்தே, 96 சதவீதம் குறைந்தது. சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அந்த ஆய்வில் பங்கேற்றது. கர்ப்பிணி ஒழுங்காக மருந்து எடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகச் சிறிய அளவுக்கு இறங்கிவிடும், ஒன்றுமே செய்யாவிட்டால் 15 முதல் 45 சதவீதம். (ஊசிக் குத்துக்கு மட்டும், நோயாளி மருந்தில் இருந்தாலும் 'பெப்' பற்றி மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.)

இதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. இருந்தும் ஏன் மனதில் இறங்குவதில்லை? பயிற்சி மருத்துவர் வார்டில் பார்க்கும் எச்.ஐ.வி. நோயாளி யார் என்று யோசித்தால் புரியும். தாமதமாக வந்தவர். காசநோய் முற்றியவர், மூளை உறையில் பூஞ்சைத் தொற்று வந்து நினைவு தப்பியவர், எலும்பும் தோலுமாக ஆனவர். அவரைப் பார்த்து அந்தப் பிள்ளை மனதில் ஒரு படம் வரைந்துகொள்கிறது. அதே மருத்துவமனை வளாகத்தில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் இருக்கும். காலையில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களில் பஸ் கண்டக்டர் இருப்பார், டெய்லர் இருப்பார், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படும் மாணவி இருப்பாள். மாத்திரை வாங்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகள் கதவடைத்த 90-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட இடம் அது. ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனையும் சில நாட்களாவது இப்படி ஒரு மையத்தில் உட்கார வைத்தால், நூறு பவர்பாயின்ட் செய்ய முடியாததை அது செய்யும் என்று நம்புகிறேன். இந்தியாவில் நர்சிங் மாணவர்கள், வார்டு ஊழியர்கள் மத்தியில் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதற்குத் துணை நிற்கிறது. பயிற்சியின் ஒரு பகுதியை எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவரே சேர்ந்து நடத்தியபோது, தவறான எண்ணங்களும் நோயாளிகளைக் கட்டாயப்படுத்தலாம் என்ற மனப்போக்கும் குறைந்தன.

மருத்துவப் படிப்பில் 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை ஆகியவற்றுக்கென்றே ஒரு பாடப்பகுதி வந்துவிட்டது. நல்லது. ஆனால் பயிற்சி மருத்துவர் பழக்கத்தைக் கற்பது சீனியரைப் பார்த்துத்தான். ரவுண்ட்ஸில் பேராசிரியர் எல்லோர் கட்டிலருகிலும் நின்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார், ஒரு கட்டிலுக்கு மட்டும் கால்மாட்டிலேயே நின்று "மேல் சென்டருக்கு ரெஃபர் பண்ணிடுங்க" என்கிறார். ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்லை, பக்கத்தில் நிற்கும் பத்துப் பிள்ளைகளும் பாடம் கற்றுக்கொண்டாயிற்று. அறுவைப் பட்டியலில் 'ரெட்ரோ' நோயாளியைக் கடைசியில் போடுவதும் அப்படித்தான். அரங்கைச் சுத்தம் செய்ய வேண்டுமே என்று காரணம் சொல்வார்கள். எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே மிகவும் பலவீனமான வைரஸ். எல்லோருக்கும் செய்யும் அதே ஆட்டோகிளேவ், அதே கிருமிநாசினி அதற்கும் போதும், தனிச் சுத்தம் தேவையில்லை. பட்டியலின் கடைசியில் போடப்பட்டவர் காலையிலிருந்து பட்டினியாகக் கிடந்து, சாயங்காலம் "இன்னைக்கு நேரமில்லை, நாளைக்கு" என்று கேட்டுத் திரும்புகிறார்.

இதற்கெல்லாம் இப்போது சட்டமே இருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றே பரிசோதிக்க வேண்டும். முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும். தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக்கூடாது. பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் அதில் உண்டு. தொற்று அபாயமுள்ள இடத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகளும், அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சியும், குத்துப்பட்டால் 'பெப்' மருந்தும் தர வேண்டியது அந்த நிறுவனத்தின் கடமை. கட்டிலில் படுத்திருப்பவருக்கும் கட்டிலருகே நிற்பவருக்கும் ஒரே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நிர்மலாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் கிடைக்காத இரண்டும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்திருக்கின்றன.

"அப்ப பிள்ளை போய் முதல்ல என்ன கேக்கணும்?"

டூட்டி சேரும் முதல் நாளே கேட்டுவைக்க வேண்டியவை இருக்கின்றன என்றேன். 'பெப்' மாத்திரை ராத்திரி எங்கே இருக்கும், பூட்டியிருந்தால் சாவி யாரிடம், யாருக்குப் போன் போட வேண்டும். டிராலியில் கட்டர் வேலை செய்கிறதா, வெள்ளை டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றுகிறார்களா. கையுறை இல்லாவிட்டால் "வந்ததும் எடுக்கிறேன்" என்று தைரியமாகச் சொல்ல வேண்டும், எல்லா நோயாளிக்கும் அப்படியே சொல்ல வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இன்று ராத்திரியே போனில் கேட்க வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. அந்த மூன்றாவது ஊசி பெரும்பாலும் பரீட்சை சமயத்திலோ விடுமுறையிலோ வந்து விடுபட்டுப்போகும். விட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட ஊசியைப் போட்டாலே போதும். போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. குறைவாக இருந்தால் மறுபடி ஒரு சுற்று ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.